சூரைச்செடியின் நிழலில்



"உடம்புக்கு ஒண்ணும் இல்ல சாமி. ஆனா எதுவும் ஓடல. செபம்கூட வரமாட்டேங்குது." நம் பங்குகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. சொல்கிறவர்கள் சோம்பேறிகள் அல்ல. நாற்றங்காலில் தொடங்கிக் களத்துமேடு வரை தண்ணீருக்கும் மழைக்கும் கடனுக்கும் பயந்தே நாளைக் கழிக்கிற விவசாயி, குழுத் தவணைக்கும் பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கும் நடுவே ஓடுகிற தாய், இரவுப் பணி முடிந்து வீட்டுக்கு வந்தும் உட்காராத செவிலியர், இவர்கள்தான் சொல்கிறார்கள். சொல்லிவிட்டுத் தயங்கித் தயங்கி இன்னொன்றும் சேர்க்கிறார்கள்: "எனக்கு விசுவாசம் கொறஞ்சுபோச்சோ?"

இந்தக் கேள்விக்குத்தான் இன்று பதில் தேடுகிறோம். அரசர்கள் முதல் நூலின் 19ஆம் அதிகாரத்தைத் திறந்துகொள்ளுங்கள்.

இறைவாக்கினர் எலியா கார்மேல் மலையில் பாகாலின் பொய்வாக்கினர் 450 பேரைத் தனியாளாக எதிர்த்து நின்றவர். அவர் மன்றாட்டுக்கு வானத்திலிருந்து நெருப்பு இறங்கியது. அதற்கு மேல் ஒரு வெற்றி உண்டா? அந்த வெற்றி முடிந்த கையோடு ஈசபேல் அரசியிடமிருந்து ஒரு மிரட்டல் வருகிறது. மலையில் அசையாத மனிதர் ஓடுகிறார். பெயேர்செபாவில் தம் பணியாளனையும் விட்டுவிடுகிறார். இதைக் கவனியுங்கள். களைத்துப்போனவன் முதலில் செய்வது, கூட இருக்கிறவனை விலக்குவதுதான். பிறகு பாலைநிலத்தில் ஒருநாள் தனியே நடந்து, ஒரு சூரைச்செடியின் அடியில் உட்கார்ந்து, இதற்கு மேல் முடியாது, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று ஆண்டவரிடம் கேட்கிறார்.

இப்படிக் கேட்டவர் விசுவாசம் இல்லாதவரா? அப்போதும் அவர் பேசியது கடவுளிடம்தானே!

ஆண்டவர் அவரைத் திட்டவில்லை. மறையுரையும் வைக்கவில்லை. (எங்களைப் போன்ற குருக்கள் அங்கே இருந்திருந்தால் அரைமணி நேரம் பேசியிருப்போம்.) அவரைத் தூங்கவிட்டார். வானதூதர் வந்து தட்டி எழுப்பினார். தலைமாட்டில் தணலில் சுட்ட அப்பமும் குவளையில் தண்ணீரும் இருந்தன. சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார். அதற்கும் கண்டிப்பு இல்லை. இரண்டாம் முறையும் வானதூதர் எழுப்பிச் சாப்பிடச் சொன்னார், போகவேண்டிய வழி நீண்டதாக இருந்ததால். ஓரேபு மலை, மெல்லிய ஒலி, ஆண்டவரின் கேள்வி எல்லாம் அதற்குப் பிறகுதான். முதலில் தூக்கம், முதலில் சோறு.

இது பழைய ஏற்பாட்டுக் கதைதானே என்று நினைக்க வேண்டாம். நம் தமிழ்நாட்டுக் கடற்கரையிலேயே இது நடந்திருக்கிறது. டிசம்பர் 3ஆம் நாள் நாம் திருவிழா கொண்டாடுகிற புனித சவேரியார் 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்தார். திருமுழுக்குக் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துபோகிறது, தமிழில் செபங்களைச் சொல்லிச் சொல்லிக் குரலே எழும்பவில்லை என்று 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து உரோமையிலுள்ள தம் சகோதரர்களுக்கு எழுதினார். அவ்வாண்டு ஜூன் மாதம் வடுகர் படை கன்னியாகுமரிப் பக்கத்து மீனவ ஊர்களைச் சூறையாடியது. மக்கள் கடல் பாறைகளில் ஏறி, பசியிலும் தாகத்திலும் துடித்தார்கள். சவேரியார் மணப்பாட்டிலிருந்து 20 தோணிகளோடு உதவிக்குப் புறப்பட்டார். எதிர்க்காற்றில் சிக்கி எட்டு நாள் கடலில் போராடியும் அங்கே போய்ச் சேர முடியவில்லை. பிறகு தரைவழியே நடந்தே போனார். போதாததற்குத் தம்முடைய போர்ச்சுக்கீசிய அதிகாரிகளே செய்த அநியாயங்கள் வேறு. அவற்றைப் பார்த்து நொந்துபோய், வாழ்வதே சலித்துவிட்டது, இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பதைவிட விசுவாசத்துக்காகச் சாவது மேல் என்ற பொருளில் உடன் உழைப்பாளர் மான்சிலாசுக்கு எழுதினார். அதே சூரைச்செடிதான்!

ஆனால் அவர் தனியாளாய்ச் சுமக்கவில்லை. நோயாளிகளைப் பார்க்க எல்லா வீடுகளுக்கும் போக முடியாதபோது, செபம் கற்ற சிறுவர் சிறுமியரை அனுப்பினார். நாம் இன்று உபதேசியார் என்கிறோமே, அந்த வேலைக்கு ஊர்தோறும் கணக்கப்பிள்ளைகளை வைத்தார். சும்மா வைக்கவில்லை, சம்பளத்துக்கும் வழி செய்தார். போர்ச்சுக்கல் அரசியின் மிதியடிச் செலவுக்கென்று இந்தக் கரையிலிருந்து போய்க்கொண்டிருந்த பணத்தில் 4000 பணத்தைக் கேட்டு வாங்கினார். மக்களின் வழக்குகளைக் காலைமுதல் மாலைவரை தனியே விசாரித்துக்கொண்டிருந்த மோசேயிடம், நீரும் களைத்துப்போவீர், மக்களும் களைத்துப்போவார்கள் என்று மாமனார் இத்திரோ எச்சரித்து, ஆள் பிரித்துக் கொடுக்கச் சொன்னாரே, அந்த அறிவு இதுதான்.

அடுத்த ஆண்டு, 1545இல், சவேரியார் நம் நாகப்பட்டினத்துக்கு வந்தார். அங்கிருந்து மயிலாப்பூர் போய், திருத்தூதர் தோமாவின் கல்லறையருகே நான்கு மாத அளவு தங்கினார். அது விடுமுறை இல்லை என்பது உண்மை. ஆனாலும் கரையோரம் முழுக்க ஓடிக்கொண்டிருந்த மனிதர் ஓரிடத்தில் நின்று செபித்தார். மலாக்காவுக்குப் போகும் முடிவை எடுத்தது அங்கேதான்.

நம் மண்ணைப் பாருங்கள். சம்பா அறுப்புக்குச் சில நாள் முன்னால், ஈரம் காய்வதற்குள், நிற்கிற பயிருக்குள்ளேயே உளுந்தும் பயறும் தெளிக்கிறோம். நெல் எடுத்த சத்தை அதன் வேர்முடிச்சு கொஞ்சமாவது நிலத்துக்குத் திருப்பித் தருகிறது. போர் தண்ணீர் இருக்கிறதே என்று குறுவை, தாளடி, கோடை என நெல்மேல் நெல்லாகப் போட்டால் நிலம் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஏழாம் ஆண்டு நிலத்துக்கும் ஓய்வு வேண்டும் என்று லேவியர் 25ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் கட்டளையிட்டார். நிலத்துக்கே அப்படியென்றால் மனிதருக்கு?

தூக்கம் வாரக்கணக்கில் வராமல், சாவைப் பற்றிய எண்ணம் வந்துகொண்டே இருந்தால், அதை மறைக்காதீர்கள். வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள், மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம். மாத்திரை சாப்பிடுவது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் என்னிடம் அனுப்பிவையுங்கள்.

எலியா, நான் ஒருவன்தான் மிஞ்சியிருக்கிறேன் என்று புலம்பினார். பாகாலுக்கு மண்டியிடாத 7000 பேர் இருக்கிறார்கள் என்றார் ஆண்டவர். கையோடு ஓர் ஆளையும் காட்டினார். பன்னிரண்டு ஏர் பூட்டி உழுதுகொண்டிருந்த எலிசா அவர். வேலை பாதியில் இருந்தது, ஆனால் அதைப் பகிர ஆள் வந்தாயிற்று. நம் பங்கிலும் பீடப்பூ வைப்பதிலிருந்து அன்பிய வாசகம் வரை அதே நான்கு பேர்தான் செய்கிறார்கள். அவர்கள் சொல்லமாட்டார்கள், நான் சொல்கிறேன்: களைத்துவிட்டார்கள். எலிசாக்கள் வீட்டில் உட்கார்ந்து இந்த வானொலியைக் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

கடைசியாக ஒன்று. ஓய்வுநாள் கட்டளை விவிலியத்தில் இரண்டு இடத்தில் வருகிறது. விடுதலைப் பயண நூல், ஆண்டவர் ஏழாம் நாள் ஓய்ந்திருந்ததைக் காரணமாகச் சொல்கிறது. இணைச்சட்டம் 5ஆம் அதிகாரமோ, உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல ஓய்வெடுக்கவேண்டும், எகிப்தில் நீயும் அடிமையாய் இருந்தாய் அல்லவா என்று நினைவூட்டுகிறது. ஞாயிறு திருப்பலி முடிந்து வீடு திரும்புகிறோம். ஆண்கள் சாய்ந்து படுக்கிறோம், தொலைக்காட்சி ஓடுகிறது, அடுப்படியில் கறிக்குழம்பு கொதிக்கிறது. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்தவர் இன்னும் உட்காரவில்லை. அவருக்கு ஓய்வுநாள் எந்தக் கிழமை? வருகிற ஞாயிறு மதியம் அவரை உட்காரவைத்து, நீங்கள் பரிமாறுங்கள்.