உளுந்தும் தேடுபொறியும்

இட்லிக்கு உளுந்து எத்தனை மணி நேரம் ஊற வேண்டும்? போன வாரம் இந்தச் சந்தேகம் வந்து போனில், கூகுளில் தேடினேன். முதல் நாலும் விளம்பரம். ஐந்தாவதைத் திறந்தால், 'உளுந்து என்றால் என்ன?' என்று ஆரம்பிக்கிறது. அப்புறம் உளுந்தின் வரலாறு, 10 நன்மைகள், நடுவில் ஒரு மிக்சி விளம்பரம். தள்ளித் தள்ளி விரல் தேய்ந்ததுதான் மிச்சம்.

கூகுளை உருவாக்கிய லாரி பேஜும் செர்கே பிரின்னும் ஸ்டான்ஃபோர்டு மாணவர்களாக இருந்தபோது, 1998-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். விளம்பரக் காசில் ஓடும் தேடுபொறி விளம்பரதாரர் பக்கம்தான் சாயும் என்று அதிலேயே சொல்லியிருக்கிறார்கள். 2000-ல் அவர்களே விளம்பரக் கடையைத் திறந்தார்கள், அது வேறு கதை!

எந்தப் பக்கம் முதலில் வர வேண்டும் என்று முடிவுசெய்ய, ஒரு பக்கத்துக்கு மற்ற பக்கங்கள் தரும் இணைப்பை ஓட்டு மாதிரி எண்ணியதுதான் அவர்கள் உத்தி. ஓட்டு என்றால் கள்ள ஓட்டு வராமல் இருக்குமா? இணைப்புகளை விலைக்கு விற்கவே ஆட்கள் கிளம்பிவிட்டார்கள்.

சமாளிக்க வழி உண்டு. தேடும் சொற்கள் அப்படியே வர வேண்டுமென்றால், இரட்டை மேற்கோள் குறிக்குள் போடுங்கள். வேண்டாத சொல்லுக்கு முன்னால், இடைவெளி விடாமல், கழித்தல் குறி. 2024-ல் கூகுளில் 'வெப்' என்றொரு வடிகட்டி வந்தது. தட்டினால், முடிவுகளுக்கு மேலே வரும் ஏஐ சுருக்கம் ஒதுங்கிவிடும். வங்கியின் உதவி எண்ணை மட்டும் தேடவே தேடாதீர்கள், போலி எண்கள் நிறைய. சரியான எண் ஏடிஎம் கார்டின் பின்பக்கமே அச்சடித்திருக்கிறது.

இத்தனையும் செய்து நான் நிமிர்ந்தபோது, மனைவி ஊருக்குப் போன் போட்டு மாமியாரிடம் கேட்டாயிற்று. உளுந்து ஊறிக்கொண்டிருந்தது.