ஒரே புண், இரண்டு நோய்கள்

(ஆதரவாளர் கூடுகையில் எங்கள் மருத்துவமனை ஊழியர் சார்பில் ஆற்றிய உரை)





வேப்பனப்பள்ளிப் பக்கத்திலிருந்து எங்களிடம் வந்த ஒரு வாலிபரைப் பற்றி முதலில் சொல்லுகிறோம். ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை பார்த்தவர். மாதக்கணக்கில் வயிற்றுவலி, பேதி. கேழ்வரகுக் களி தின்று வளர்ந்த உடம்பு எலும்பும் தோலுமாகிவிட்டது. "கொலனோஸ்கோபி செய்து, குடலிலிருந்து சதைப் பரிசோதனைக்கு எடுக்கவேண்டும்" என்றோம். செலவைக் கேட்டதும், "அப்புறம் வர்றேங்க ஐயா" என்று எழுந்துவிட்டார். நாங்களும் தடுக்கவில்லை. அது எங்கள் குறை.

வேறெங்கோ கிடைத்த ஸ்டீராய்டு மாத்திரைகளைச் சாப்பிட்டிருக்கிறார். சில வாரம் நன்றாயிருந்தது. பிறகு காய்ச்சலோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவருக்கு இருந்தது குடல் காசநோய்.

இது ஏன் நடந்தது? நம் குடல் ஒரு நீண்ட மதில். தினமும் உணவோடு கிருமிகளும் அதன் வழியே போகின்றன. ஆகவே மதில் நெடுகிலும் கர்த்தர் வெள்ளை அணுக்களைக் காவலாக வைத்திருக்கிறார். காசநோய்க் கிருமி நுழைந்தால் இவை ஓடிவந்து அதைச் சூழ்ந்து, ஒரு கட்டியாகத் திரண்டு சிறைவைக்கின்றன. இதற்குக் கிரானுலோமா என்று பெயர்.

இன்னொரு நோய் உண்டு. 1932-ல் நியூயார்க்கில் டாக்டர் க்ரோனும் அவருடைய தோழர்களும் விவரித்ததால் அது க்ரோன் நோய் எனப்படுகிறது. இதில் காவலரே நிதானம் இழந்துவிடுகிறார்கள். குடலில் சாதுவாகக் குடியிருக்கும் கிருமிகளைப் பகையென்று எண்ணிப் போர் தொடுக்க, அதில் நம் சொந்தச் சதையே புண்ணாகிறது. இங்கும் கிரானுலோமா உண்டாகலாம்.

வெளியே பார்த்தால் அதே வலி, அதே பேதி, அதே மெலிவு. குழாய் விட்டுப் பார்த்தாலும் புண் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். வைத்தியமோ நேர் எதிர். க்ரோனில் காவலரை அடக்க மருந்து கொடுக்கவேண்டும். காசநோயில் அடக்கினால் சிறைக்கதவு திறந்துவிடும். இன்ஃப்ளிக்சிமாப் என்ற விலையுயர்ந்த மருந்து கிரானுலோமாவைக் கட்டிக்காக்கும் ஒரு சமிக்ஞையைத் தடுப்பது. அதைப் பெற்ற சிலருக்கு காசநோய் கிளம்பியதை 2001-ல் அமெரிக்க மருத்துவர்கள் அறிவித்தார்கள்.

பிரித்தறிவது எப்படி? இதில் நம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குப் பங்குண்டு. அங்கே டாக்டர் அன்னா புலிமூட் அவர்களும் உடன் ஊழியர்களும் சதைத் துணுக்குகளை நுண்பெருக்கியில் ஒப்பிட்டு 1999-ல் எழுதினார்கள். காசநோயில் கிரானுலோமாக்கள் பெரியவை, பல, ஒன்றோடொன்று சேர்ந்தவை. க்ரோனில் சிறியவை, அங்கொன்றும் இங்கொன்றுமானவை. எல்லாருக்கும் இது தெளிவாகத் தெரிவதில்லை. கிருமியும் பல சமயம் அகப்படுவதில்லை. அப்படிப்பட்டவர்களுக்குப் பெரும்பாலும் காசநோய் மருந்தை முதலில் கொடுத்து, சில மாதம் கழித்து மறுபடியும் குழாய் விட்டுப் புண் ஆறியதா என்று பார்க்கவேண்டியிருக்கிறது. ஆறினால் காசநோய். ஆறாவிட்டால் க்ரோனைத் தேடவேண்டும்.

பிரியமானவர்களே, காசநோய் மாத்திரையை அரசாங்கம் இலவசமாகத் தருகிறது. அந்த மாத்திரைதான் வேண்டுமா என்று அறியும் பரிசோதனைக்கே ஏழையின் கையில் பணமில்லை. ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் கூலி போய்விடுகிறவர், இரண்டு முறை கொலனோஸ்கோபிக்கு எங்கே போவார்? தமிழ், தெலுங்கு, கன்னடம் என எந்த மொழியில் வலியைச் சொன்னாலும், இந்த எல்லைப்புறத்து மக்களின் பதில் ஒன்றே: "அப்புறம் வர்றேங்க."

அந்த வாலிபர் ஆண்டவருடைய கிருபையால் ஆறு மாதம் மருந்து சாப்பிட்டுச் சுகமானார். மறுபடியும் ஷிப்டுக்குப் போகிறார். ஆனால் முதல் நாளிலேயே பரிசோதனை செய்திருந்தால் அந்தப் பாடு அவருக்கு இல்லை. இனி ஒருவரும் செலவுக்குப் பயந்து எங்கள் வாசலைவிட்டுத் திரும்பக்கூடாது என்று தீர்மானித்திருக்கிறோம். இதை உங்களை நம்பியே தீர்மானித்தோம்.

உங்கள் காணிக்கை ஒரு துண்டுச் சதையைச் சரியாகப் படித்தறியச் செலவாகும். பெரிய கட்டடம்போல அது கண்ணுக்குத் தெரியாது. ஆனாலும் ஒரு குடும்பத்தின் பிழைப்பு அதில் இருக்கிறது. எங்களுக்கு அவசரப்படாத கண்களும் பொறுமையும் கிடைக்க ஜெபியுங்கள்.

கர்த்தர்தாமே உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.