மேயர் வேட்பாளரும் மறைத்த உண்மையும்



கணிப்பொறி விளையாட்டைப் பற்றி இம்மேடையில் பேசுவதா என்று சிலர் நகைக்கக்கூடும். நாமும் நகைத்தவர்தாம். போலந்து நாட்டு நிறுவனமொன்று 2020-ஆம் ஆண்டு வெளியிட்ட ‘சைபர்பங்க் 2077’ என்னும் விளையாட்டைக் கல்லூரியில் பயிலும் நம் மகன் ஆடக் கண்டபின் நகைப்பு நின்றது.

நைட் சிட்டி ஒரு கற்பனை நகரம். பெருங்கம்பெனிகள் வைத்ததே அங்குச் சட்டம். நகரைச் சீர்திருத்துவேன் என்று மேயர் பதவிக்கு நிற்கிறார் ஜெபர்சன் பெராலஸ். எவரோ மறைவில் இருந்துகொண்டு அவருடைய நினைவுகளையே சிறிது சிறிதாக மாற்றி வருகின்றனர். கையூட்டும் வேண்டாம், மிரட்டலும் வேண்டாம். தம் கருத்தென்று அவர் நம்புவதே பிறர் எழுதி வைத்ததாகிவிடும். லஞ்சம் வாங்குபவனுக்காவது தான் வாங்கியது தெரியும்!

ஆடுபவர் இதனைக் கண்டுபிடித்துவிடுகிறார். கணவரிடம் கூறவேண்டாமென மனைவி எலிசபெத் மன்றாடுகிறாள். கூறினால், அவர் எவரையும் நம்ப இயலாத அச்சத்தில் வீழ்கிறார். மறைத்தால், ஏதுமறியாமல் பதவியை நோக்கி நடக்கிறார். சதிகாரர் யாரென்று தெளிவாக வெளிப்படுவதேயில்லை.

மகன் மறைத்தான். “குடும்பமாவது பிழைக்கட்டும், அப்பா” என்றான். வாக்களிப்போரின் கதி யாதென்று வினவினோம். விடை கூறாமல், அக்கட்டத்தை மீண்டும் தொடங்கினான். இம்முறை கூறிவிட்டான். அவ்வேட்பாளர் கலங்கியது கண்டு நாங்கள் இருவரும் நெடுநேரம் பேசவில்லை.