சுவிட்சுப் பாடமா, வயரிங் பாடமா?



கணிப்பொறியை இயக்கத் தெரிந்தால் போதுமா, ஆபரேட்டிங் சிஸ்டத்தின் அடிப்படையும் தெரிய வேண்டுமா? எனக்கு முன்னால் பேசிய தம்பி ஒரு போடு போட்டாரு. "சுவிட்சைப் போட்டா ஃபேன் சுத்துது, வயரிங் எனக்கெதுக்கு?"ன்னாரு. நீங்களும் கைதட்டினீங்க. தம்பி, ஈரக்கையோட சுவிட்சைத் தொடாதேன்னு உங்க அம்மா சொன்னாங்களே, அது சுவிட்சுப் பாடமா, வயரிங் பாடமா? (கைதட்டல்)

தமிழ் வாத்தியாருக்கு இதுல என்ன வேலைன்னு கேட்பீங்க. பட்டவன் பேசுறேன் ஐயா. 2007-ல் என்னிடம் முனைவர் பட்ட ஆய்வு செய்த மாணவி, ஓர் இயலை முழுசா முடிச்சு பென்டிரைவில் கொண்டுவந்து கொடுத்தாங்க. அவங்க வீட்டில் கணிப்பொறி கிடையாது. இருந்த ஒரே பிரதி அதுதான். கல்லூரி விழாப் படங்களை ஏற்ற இடம் போதலை. பழைய கோப்புன்னு நினைச்சு ஒண்ணை அழிச்சேன். அழிச்ச மறுநொடி தெரிஞ்சுது, அதுதான் அந்த இயல்! குப்பைத்தொட்டியில் தேடினேன். பென்டிரைவில் அழிச்சது அங்கே வராதாமே, அதுவும் எனக்குத் தெரியாது. சரி, போனது போனதுதானேன்னு படங்களை ஏத்திட்டேன்.

கணிப்பொறி படிக்கிற முதலாண்டுப் பையன் ஒருத்தன் வந்து பார்த்துட்டுக் கேட்டான்: "அழிச்சதும் அப்படியே விட்டிருந்தா எடுத்திருக்கலாமே ஐயா, ஏன் மேலே ஏத்தினீங்க?"

நூலகத்தில் அட்டைப் பட்டியல் இருக்குமே, அந்தக் கணக்குத்தான். கோப்பை அழிச்சா, பட்டியல்ல அதன் பெயரை அடிச்சு 'இந்த இடம் காலி'ன்னு ஆபரேட்டிங் சிஸ்டம் குறிச்சு வைக்குது. புத்தகம் அலமாரியிலேயேதான் இருக்கு! அந்த இடத்தில் புதுப் புத்தகம் வந்து உட்காரும்போதுதான் பழையது போகுது. உட்கார வெச்சவன் யாரு? நான்தான். நாற்பது பக்கத்தில் பதினொரு பக்கம் மீண்டது. அழிக்கத் தெரிஞ்சவன் நான், ஏத்தத் தெரிஞ்சவன் நான். எதிரணி சொல்ற அந்த 'இயக்கத் தெரிந்த' ஆசாமி நானேதான்!

அப்புறம் வெட்கத்தை விட்டு அந்தப் பையன்கிட்டயே பாடம் கேட்டேன். பாட்டு பாடுது, பக்கம் அச்சாகுது, கடிதம் தட்டச்சாகுது, எல்லாம் ஒரே நேரத்தில் எப்படிடான்னேன். "உங்க வீட்டு அம்மாவைப் பாருங்கய்யா"ன்னான். ஒரே ஆள். சாம்பாரைக் கொஞ்சம் கிளறி, அதை விட்டு அப்பளத்தைத் திருப்பி, குக்கர் விசில் கேட்டதும் கைவேலையைப் போட்டுட்டு அங்கே ஓடுறாங்க. அந்த விசில் மாதிரி கணிப்பொறிக்குள்ளேயும் ஒரு கடிகாரம் நொடிக்குப் பல தடவை குறுக்கிடுது. குறுக்கிட்டதும் அடுத்த முறை யாருக்குன்னு ஆபரேட்டிங் சிஸ்டம் முடிவு பண்ணுது. இப்போ நாலு கை, எட்டுக் கை உள்ள அம்மாவே வந்தாச்சு!

"அதெல்லாம் இன்ஜினியர் சமாச்சாரம்"னு எதிரணி அம்மையார் சொன்னாங்க. ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் லயன்ஸ்னு ஒரு பேராசிரியர். யூனிக்ஸ் ஆறாம் பதிப்பின் மூல நிரல் ஏறக்குறைய 9,000 வரி. அதை ஒரு புத்தகமாகவும், அதற்கு விளக்கவுரையை இன்னொரு புத்தகமாகவும் 1976-ல் மாணவர்களுக்காகத் தொகுத்தார். மூலமும் உரையும்! நம்ம பரிமேலழகர் செஞ்ச வேலை ஐயா அது. ஆனா 1979-ல் வந்த ஏழாம் பதிப்பின் உரிமத்தில், வகுப்பில் வைத்து மூலத்தைப் பாடம் நடத்தக் கூடாதுன்னு போட்டுட்டாங்க. மாணவன் விட்டானா? நகலெடுத்தான், நகலுக்கு நகலெடுத்தான். எழுத்து மங்கி மங்கிப் பார்வை போற நிலையிலயும் படிச்சான். முறைப்படி நூலாக வெளிவந்தது 1996-ல்தான்.

பாடம் நடத்த மூலம் இல்லையேன்னு ஆம்ஸ்டர்டாமில் டேனன்பாம் தானே மினிக்ஸ் எழுதி 1987-ல் புத்தகத்தோடு கொடுத்தார். அதைப் படித்த 21 வயது லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் ஹெல்சிங்கியில் லினக்ஸைத் தொடங்கினார். இன்னைக்கு ஆண்ட்ராய்டு போன் வெச்சிருக்கிற ஒவ்வொருத்தர் சட்டைப்பையிலயும் அந்த லினக்ஸ் இருக்கு, எதிரணித் தலைவர் பையையும் சேர்த்துத்தான். (சிரிப்பு)

லயன்ஸ் வழியிலேயே எம்.ஐ.டி.யில் 2006-ல் எக்ஸ்வி6 என்றொரு சின்ன அமைப்பை மாணவர்களுக்கென்றே எழுதினாங்க. மூலமும் உரையும் காசில்லாம கிடைக்குது. அன்னைக்கு மங்கின நகலுக்கு அலைஞ்சான், இன்னைக்குக் கையில வெச்சுக்கிட்டு 'எனக்கெதுக்கு'ங்கிறோம்.

அந்த மாணவி இயலைத் திரும்ப எழுத நாலு மாசம் ஆச்சு. ஒரு வார்த்தை என்னைச் சொல்லலை. இப்போ அவங்களும் பேராசிரியர். ஆனா இன்னைய வரைக்கும் என் கையில பென்டிரைவ் கொடுத்ததில்லை. (சிரிப்பு) நடுவர் மணியைத் தொட்டுட்டாரு.