ஊருணிக் கரையில் ஒரு படம்



ஜப்பார் பட்டேல் இயக்கிய ‘டாக்டர் பாபாசாகேப் அம்பேத்கர்’ படத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். விருதுநகரில் நின்றுகொண்டு காமராஜர் படத்தைப் பேசாமல் இதை ஏன் எடுத்தீர்கள் என்று கேட்கலாம். ஏ. பாலகிருஷ்ணன் 2004இல் எடுத்த காமராஜர் படம் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் புதிதில்லை. அம்பேத்கர் படத்தைப் பார்த்தவர்கள் கை தூக்குங்கள் என்று சற்று முன்பு முன்வரிசையில் கேட்டேன். நான்கு கைதான் உயர்ந்தது.

ஆங்கிலத்தில் எடுத்த படம் அது. அம்பேத்கராக நடித்த மம்மூட்டி 46ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த நடிகர் விருதை அஜய் தேவ்கனோடு பகிர்ந்துகொண்டார். 2000இல் வெளிவந்த படம் தமிழ் பேசி நம் ஊர்களுக்கு வர 2010 டிசம்பர் ஆனது. அதற்குள் தமிழ் வெளியீடு பற்றிய விவகாரம் சென்னை உயர்நீதிமன்றம் வரை போய்விட்டது. பத்தாண்டுத் தாமதத்தை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. அந்தப் பத்தாண்டில் பள்ளி முடித்துப் பட்டாசு ஆலைக்குப் போன ஒரு தலைமுறையே அதைப் பார்க்காமல் போய்விட்டது.

ஒரு மனிதன் எப்படி வேறொரு மனிதனாகிறான் என்பதைக் காட்டுவது சினிமாவுக்குக் கடினம். அட்டன்பரோவின் ‘காந்தி’ படத்தில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நிலையத்தில் வண்டியிலிருந்து அவரைத் தள்ளிவிடுகிறார்கள். சில காட்சிகளுக்குள் நாம் அறிந்த காந்தி எழுந்து நிற்கிறார். ஸ்பைக் லீயின் ‘மால்கம் எக்ஸ்’ கொஞ்சம் பொறுமை காட்டுகிறது. சிறையில் அகராதியைப் புரட்டும் மனிதனிலிருந்து 1964இல் மெக்கா போய்த் திரும்பும் மனிதன் வரை மெல்ல நடத்திச் செல்கிறது. பெரும்பாலான படங்களுக்கு ஓர் அவமானமும் ஓர் இசைத்துணுக்கும் போதும், தலைவர் தயார்.

அம்பேத்கர் வாழ்க்கை அப்படி நடக்கவில்லை. பரோடா மன்னரின் உதவித்தொகையில் கொலம்பியாவில் படித்தவர், 1917இல் பரோடா அரசு வேலைக்கு வருகிறார். தங்க இடம் இல்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரில் தங்குகிறார். பதினோராம் நாள் தடிகளோடு ஒரு கூட்டம் வந்து நிற்கிறது. எட்டு மணி நேரம் அவகாசம் கேட்கிறார். இரண்டு நண்பர்கள் வீட்டை நினைக்கிறார்; இரண்டிலும் இடம் இல்லை. பம்பாய் வண்டி வரும்வரை ஒரு பூங்காவில் உட்கார்ந்திருக்கிறார். பதினெட்டு ஆண்டு கழித்தும் அந்த நாளைக் கண்ணீர் இல்லாமல் நினைக்க முடியவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார்.

அந்தப் பூங்காவிலிருந்து, ஒடுக்கப்பட்டோருக்குத் தண்ணீர் மறுத்த மகாட் சவுதார் குளம் வரை பத்து வருடம். இடையில் என்ன செய்தார்? 1920இல் ‘மூக்நாயக்’ பத்திரிகை. மறுபடி லண்டன், பொருளாதாரத்தில் டி.எஸ்சி., பாரிஸ்டர் பட்டம். 1924இல் ஒடுக்கப்பட்டோர் நலனுக்கென ஒரு சபை. எல்லாம் மேசை முன் உட்கார்ந்து செய்த வேலை. கேமராவுக்குப் பிடிக்காத வேலை. ஜப்பார் பட்டேல் அதைத் துணிந்து படமாக்கினார், மூன்று மணி நேரம் எடுத்துக்கொண்டார். நூலகத்தில் புத்தகத்தின் மேல் குனிந்திருக்கும் அந்த மனிதரைக் காட்டியதற்காகவே அவரை நான் கையெடுத்துக் கும்பிடுவேன்.

சிவகாசிக்குப் பக்கத்தில் ஒரு காலனியில் இந்தப் படத்தைத் தெருவில் திரை கட்டிப் போட்டோம். ஆலை வண்டியில் வந்து இறங்கிய பெண்கள் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். முன்னால் இருந்த ஒரு பாட்டியின் விரல் இடுக்குகளில் அலுமினியப் பவுடர் வெள்ளி மாதிரி மின்னிக்கொண்டிருந்தது. சோப்புப் போட்டாலும் லேசில் போகாது. திரையில் 1927 மார்ச் 20, மகாட். மம்மூட்டி படியிறங்கிக் குளத்து நீரைக் கையில் அள்ளுகிறார். பாட்டி பக்கத்திலிருந்த பேத்தியிடம் சொன்னார்: “நம்ம ஊருணி மாதிரியே இருக்கு தாயி. நாங்கல்லாம் கரையில கொடத்த வச்சிட்டு நிப்போம். யாராச்சும் மனசு வந்து மோந்து ஊத்துவாக.”

அந்தப் பேத்திக்கு இது முதல்முறையாகக் கேட்கும் செய்தி. படத்தை விட்டுவிட்டுப் பாட்டியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மகாட்டில் தண்ணீர் குடித்தவர்களை அடித்தார்கள், குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்கள், வழக்குப் போட்டார்கள். 1937இல்தான் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் அம்பேத்கர் தரப்பு வென்றது.

இந்த மண்ணுக்கும் அப்படி ஒரு வழக்கு உண்டு. கமுதிக் கோயிலில் நாடார்கள் நுழைந்ததற்கான வழக்கு 1908இல் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. அதற்கு முன்பே, 1899 ஜூன் 6ஆம் தேதி, நாடார்கள் வாழ்ந்த சிவகாசியை எதிர்த் தரப்பினர் தாக்கிச் சூறையாடினார்கள். அந்தக் காயத்தோடுதான் இந்த ஊர்க்காரர்கள் வீட்டுக்கு வீடு பிடி அரிசி வாங்கிப் பள்ளிக்கூடம் நடத்தினார்கள். அப்படி நடந்த சத்திரிய வித்தியாசாலையில்தான் காமராஜர் படித்தார். 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் அழைத்துச் சென்றவர்களில் ஒடுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த கக்கனோடு விருதுநகர் சண்முக நாடாரும் இருந்தார். மூடிய கதவின் முன்னால் நின்ற இரண்டு பேர் ஒன்றாக உள்ளே போன நாள் அது.

மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவமானம் எல்லாரையும் ஒரே மாதிரி மாற்றுவதில்லை. பட்டவன் தான் மட்டும் மேலே ஏறிக்கொள்ளலாம். ஏறியபின் ஏணியை எடுத்தும் விடலாம். பரோடாவிலிருந்து திரும்பிய அம்பேத்கருக்குப் பம்பாயில் கௌரவமான பேராசிரியர் வேலை கிடைத்தது. அதோடு நின்றிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. தனக்கு மறுத்த அறையைத் தனக்காக மட்டும் கேட்காமல், எல்லாருக்கும் தண்ணீர் கேட்கப் போனார். அவருடைய மாற்றம் என்று நான் சொல்வது அதைத்தான். நம் வட்டாரம் 1939ஐ மறந்துவிட்டு 1899ஐ மட்டும் நினைவில் வைத்திருப்பது சரியில்லை.

அம்பேத்கர் மதம் மாறியதும் அவசரத்தில் நடந்ததல்ல. இந்துவாகச் சாகமாட்டேன் என்று 1935இல் இயோலாவில் அறிவித்தவர், 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் பௌத்தம் ஏற்றார். இருபத்தோரு ஆண்டு படித்தார், யோசித்தார். அதன்பின் இரண்டு மாதம்கூட அவர் உயிரோடு இல்லை.

கல்லூரி நிர்வாகத்துக்கும் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அம்பேத்கர் நினைவு நாளான டிசம்பர் 6ஐ ஒட்டி வருடா வருடம் இந்தப் படத்தை ஓர் ஆலைக் காலனியில் திரையிடுங்கள். சனிக்கிழமை இரவாக இருக்கட்டும்; மறுநாள் வண்டி வராது. சாப்பிட்டு முடித்தபின் தொடங்குங்கள், பாட்டிமாரை முன்வரிசையில் உட்காரவையுங்கள். படம் முடிந்ததும் நீங்கள் பேசாதீர்கள். ஊருணிக் கரையில் என்ன நடந்தது என்று அவர்களைக் கேட்டு, சொன்னபடியே எழுதி, கல்லூரி நூலகத்தில் வையுங்கள்.