பாதுகாப்பு என்றால் போலீஸ் மட்டும்தானா? நகராட்சிப் பணத்துக்குக் கணக்குக் கேட்போம்!

(ராமேஸ்வரத்தில் நடந்த நமது கட்சியின் தெருமுனைக் கூட்டத்தில் மாவட்டக் குழுத் தோழர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். முழுசாகப் படியுங்கள், உங்கள் வார்டுத் தோழர்களுக்குப் பகிருங்கள்.)



2024 டிசம்பர் மாதம் நம்ம ஊரில் நடந்த ஒரு விஷயத்தை முதலில் நினைவுபடுத்துகிறேன். அக்னி தீர்த்தக் கடலில் குளித்துவிட்டு ஈரத்துணியோடு கரையேறி வந்த ஒரு பெண், பக்கத்தில் இருந்த தனியார் உடை மாற்றும் அறைக்குள் போனார். உள்ளே ரகசியக் கேமரா வைத்திருந்தார்கள். அந்தச் சகோதரி கவனித்ததால்தான் விஷயம் வெளியே வந்தது. புகார் கொடுத்தார்கள், போலீஸ் வந்தது, இரண்டு பேரைக் கைது செய்தது. நாடு முழுக்கச் செய்தி ஓடியது. நம்ம ஊர் பேர் டிவியில் எப்படி வந்தது என்று உங்களுக்கே தெரியும்.

கைது செய்தது சரி. ஆனால் அதோடு முடிந்ததா? நான் மூணு கேள்வி கேட்கிறேன். காசி முதல் கன்னியாகுமரி வரைக்கும் இருந்து பெண்கள் வந்து குளிக்கிற கரையில், காசு கொடுத்துத் தனியார் அறைக்குப் போக வேண்டிய நிலைமை ஏன் வந்தது? காசு வாங்கித் தொழில் நடத்துகிற அந்த மாதிரி இடங்களுக்கு உரிமம் கொடுப்பது யார்? உள்ளே போய்ப் பார்த்து, சுவரைத் தட்டி, இது பெண்கள் பயன்படுத்தத் தகுந்த இடம்தான் என்று சான்று சொல்ல வேண்டியது யார்?

மூணுக்கும் போலீஸ் ஸ்டேஷனில் பதில் கிடைக்காதுங்க. பதில் நகராட்சி ஆபீஸில் இருக்கிறது.

நம்மில் பல பேர் என்ன நினைக்கிறோம்? பாதுகாப்பு என்றால் காக்கிச் சட்டை, நகராட்சி என்றால் குப்பை வண்டி. குற்றம் நடந்த பிறகு வருவது போலீஸ். அது மாநில அரசின் துறை. நம்ம சேர்மன் இன்ஸ்பெக்டருக்கு உத்தரவு போட முடியாது. ஆனால் குற்றம் நடக்காமல் இருக்க என்ன வேண்டும்? தெருவிளக்கு எரிய வேண்டும். பெண்களுக்குப் பூட்டுப் போட்ட கழிப்பறை வேண்டும், பூட்டிக் கிடக்கிற கழிப்பறை இல்லை. உடை மாற்ற இடம் வேண்டும். விடியற்காலை மூணு மணிக்கு மீன் ஏலத்துக்குப் போகிற அக்கா பயமில்லாமல் நடக்கிற தெரு வேண்டும். இதெல்லாம் நகராட்சி வேலை.

இது நானாகச் சொல்லவில்லை. அரசியல் சட்டத்தின் 74-வது திருத்தம் 1993 ஜூன் 1-ல் அமலுக்கு வந்தது. அதில் 12-வது அட்டவணை என்று ஒன்று உண்டு. நகராட்சியிடம் ஒப்படைக்கக்கூடிய 18 பொறுப்புகள் அதில் இருக்கின்றன. தெருவிளக்கு, பேருந்து நிறுத்தம், பொதுக் கழிப்பிடம் ஒரு வரியில் வரும். நகர்ப்புற வறுமை ஒழிப்பு இன்னொரு வரி. மாற்றுத்திறனாளிகள், மனவளர்ச்சி குன்றியோர் உள்ளிட்ட நலிந்த பிரிவினரின் நலனைக் காப்பது இன்னொரு வரி. ஆக, சமூகப் பாதுகாப்பும் சமூக நலமும் நம்ம நகர்மன்றத்தின் வாசல்படியில்தான் நிற்கிறது.

சரி தோழர், பொறுப்பு இருக்கு, பணம் இருக்கா என்று கேட்பீங்க. நியாயமான கேள்வி. வாங்க, கணக்கைப் பார்ப்போம்.

நகராட்சிக்குப் பணம் மூணு வழியில் வருகிறது. ஒன்று, நாம கட்டுகிற சொத்து வரி, குடிநீர்க் கட்டணம், தொழில் வரி, உரிமக் கட்டணம், நகராட்சிக் கடைகளின் வாடகை. இரண்டு, மாநில நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி மாநில அரசின் வரி வருவாயிலிருந்து வருகிற பங்கு. மூணு, மத்திய நிதிக்குழு மானியம்.

இந்த மூணாவதைப் பாருங்கள். 2021 முதல் 2026 வரைக்குமான 15-வது நிதிக்குழு, நம்மைப் போன்ற ஊர்களுக்கு 100 ரூபாய் கொடுத்தால் அதில் 60 ரூபாயைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டும்தான் செலவு செய்ய வேண்டும் என்று கட்டிப்போட்டது. மீதி 40 ரூபாயை ஊரின் தேவைக்கு ஏற்ப செலவழிக்கலாம், சம்பளத்துக்கும் அலுவலகச் செலவுக்கும் எடுக்கக் கூடாது என்றது. குடிநீரும் சுகாதாரமும் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் ஊருக்கு எது அவசரம் என்பதை டெல்லியில் உட்கார்ந்து முடிவு செய்தால், அக்னி தீர்த்தக் கரையில் நிற்கிற பெண்ணின் அவசரம் அங்கே எப்படித் தெரியும்?

இதைவிடப் பெரிய அநியாயம் ஒன்று இருக்கிறது. இந்த நிதியெல்லாம் பெரும்பாலும் மக்கள்தொகையை வைத்துப் பிரிக்கப்படுகிறது. 2011 கணக்கெடுப்புப்படி ராமேஸ்வரம் நகராட்சியின் மக்கள்தொகை 44,856. நம்மை அந்த எண்ணிக்கையில்தான் பார்க்கிறார்கள். ஆனால் ஆடி அமாவாசை, தை அமாவாசை அன்றைக்கு இந்த ஊரில் நிற்கிற கூட்டம் எவ்வளவு? லட்சக்கணக்கில். அவ்வளவு பேரின் குப்பையும், கழிவுநீரும், பாதுகாப்பும் இந்த 44,856 பேரின் தலையில். கோயிலில் தீர்த்தமாடக் கட்டுகிற கட்டணம் கோயில் நிதிக்குப் போகும், அது அறநிலையத் துறை நிர்வாகம். லாட்ஜ் கட்டுகிற ஜிஎஸ்டி மேலே போகும். கூட்டம் மட்டும் நமக்கு!

பெண்கள் பாதுகாப்புக்கென்று தனி நிதி இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. 2013-ல் நிர்பயா நிதி ஆரம்பித்தார்கள். அதிலிருந்து பாதுகாப்பான நகரம் என்று ஒரு திட்டம் வந்தது. எட்டு பெருநகரங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். தமிழ்நாட்டில் சென்னை மட்டும்தான் அதில் இருந்தது. சென்னைக்குக் கிடைத்ததில் நமக்குப் பொறாமை இல்லை. ஆனால் வருஷம் முழுக்க வெளியூர்ப் பெண்கள் வந்து, திறந்த கடலில் குளித்து, திறந்த வெளியில் துணி மாற்றுகிற ஒரு ஊர், பாதுகாப்புப் பட்டியலில் இடம்பிடிக்க இன்னும் என்ன நடக்க வேண்டும்?

இன்னொரு பக்கத்தையும் பார்க்கணும். நம்ம ஊரில் தெருவுக்குத் தெரு வயசானவர்கள் படுத்திருக்கிறார்கள். சிலர் யாத்திரை வந்தவர்கள். சிலரைக் கூட்டிக்கொண்டு வந்து விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். மொழி தெரியாது, ஊர் பேர் சொல்லத் தெரியாது. மனநிலை சரியில்லாதவர்களும் உண்டு. தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் வழிகாட்டு நெறி என்ன சொன்னது? ஒரு லட்சம் மக்கள்தொகைக்குக் குறைந்தது 100 பேர் தங்குகிற நிரந்தரக் காப்பகம். இங்கேயும் அதே கணக்குதான். நம்ம மக்கள்தொகை ஒரு லட்சத்தில் பாதிகூட இல்லை. ஆனால் வீடில்லாமல் இங்கே படுத்திருக்கிறவர்கள் பல ஊர்களில் இருந்து வந்தவர்கள். காசியில் பிறந்தவருக்கு ராமேஸ்வரத்தின் மக்கள்தொகைக் கணக்கில் எப்படி இடம் கிடைக்கும்?

ஆகவே நம்ம முதல் கோரிக்கை: ராமேஸ்வரத்துக்கு நிதி ஒதுக்கும்போது, குடியிருப்பவர்களோடு வந்து போகிறவர்களையும் சேர்த்துக் கணக்கிடு!

ஆனால் தோழர்களே, மேலே இருந்து பணம் வரவில்லை என்று சொல்லிக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் அது நம்ம அரசியல் ஆகாது. வந்த பணம் எங்கே போனது என்று கேட்கிற கடமையும் நமக்கு இருக்கிறது.

பக்கத்து மாநிலம் கேரளாவைப் பாருங்கள். 1996-ல் மக்கள் திட்ட இயக்கம் ஆரம்பித்தார்கள். மாநிலத் திட்ட நிதியில் மூணில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளுக்குக் கொடுத்தார்கள். கொடுத்ததோடு விடவில்லை. அந்த நிதியில் 10 சதவீதம் பெண்களுக்கான திட்டங்களுக்கு, 5 சதவீதம் குழந்தைகள், முதியோர், மாற்றுத்திறனாளிகளுக்கு என்று ஒதுக்கியே ஆக வேண்டும் என்றார்கள். என்ன செய்யலாம் என்று வார்டு சபையில் மக்கள் உட்கார்ந்து பேசினார்கள். அங்கேயும் குறை உண்டு, பத்து சதவீதத்தைத் தையல் மெஷினோடு முடித்துக்கொண்ட பஞ்சாயத்துகளும் உண்டு. ஆனால் கேட்பதற்கு ஒரு எண் இருந்தது. எங்கே எங்க பத்து சதவீதம் என்று ஒரு பெண் எழுந்து கேட்க முடிந்தது. நம்ம ஊரில் அப்படிக் கேட்பதற்கு ஒரு எண் இருக்கிறதா?

கேட்கிற இடம் மட்டும் நமக்கும் இருக்கிறது. 2022-ல் தமிழ்நாட்டில் வார்டு குழு, பகுதி சபை விதிகள் வந்தன. அந்த வருஷம் நவம்பர் 1-ம் தேதி முதன்முதலாகப் பகுதி சபைகள் நடந்தன. ஒவ்வொரு வார்டையும் சில பகுதிகளாகப் பிரித்து, அந்தப் பகுதியின் வாக்காளர் எல்லாரும் உறுப்பினர் என்று விதி சொல்கிறது. மூணு மாசத்துக்கு ஒரு தடவையாவது கூட வேண்டும். கவுன்சிலர் தலைமை தாங்க வேண்டும். தெருவிளக்கு எங்கே வேண்டும், கழிப்பறை எங்கே வேண்டும், நலத்திட்டத்துக்குத் தகுதியானவர் யார் என்றெல்லாம் மக்கள் அங்கே சொல்லலாம்.

நம்ம நகராட்சியில் 21 வார்டு. சராசரி பார்த்தால் ஒரு வார்டுக்கு இரண்டாயிரம் பேர் சொச்சம். எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். இங்கே கை தூக்கிச் சொல்லுங்க, கடைசியாக உங்க பகுதி சபை எப்போ நடந்தது என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

பார்த்தீங்களா. கூட்டமே நடக்காமல் நோட்டில் கையெழுத்து வாங்கிப் போனால் நம்மால் கண்டுபிடிக்க முடியுமா? நாம போகாத கூட்டத்தில், நமக்காக யாரோ முடிவெடுத்துக்கொண்டு இருப்பார்கள்.

அதனால் நம்ம தோழர்கள் வார்டு வார்டாகச் செய்ய வேண்டிய வேலை நாலு.

ஒன்று. அடுத்த பகுதி சபை எப்போது என்று உங்க கவுன்சிலரிடம் எழுத்தில் கேளுங்கள். அவர் எந்தக் கட்சியாக இருந்தாலும் சரி. நம்ம கட்சியாக இருந்தால் இன்னும் கண்டிப்பாகக் கேளுங்கள்.

இரண்டு. ராத்திரி எட்டு மணிக்கு மேல் உங்க தெருவில் நடந்து பாருங்கள். எரியாத விளக்குக் கம்பத்தின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பூட்டிக் கிடக்கிற கழிப்பறையைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த நடையில் பெண்கள் கண்டிப்பாக இருக்க வேண்டும். எந்த இடத்தில் பயமாக இருக்கிறது என்று ஆண்களுக்குத் தெரியாது.

மூணு. தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனுப் போடுங்கள். கடற்கரையில் உடை மாற்றும் அறைகளுக்கு எத்தனை உரிமம் கொடுத்தீர்கள், எந்தத் தேதியில் ஆய்வு செய்தீர்கள்? வீடற்றோர் காப்பகத்தில் எத்தனை படுக்கை, ராத்திரிப் பொறுப்பு யார்? உள்ளாட்சி நிதித் தணிக்கையில் என்னென்ன ஆட்சேபணை எழுப்பினார்கள்? 30 நாளில் பதில் சொல்ல வேண்டும்.

நாலு. இதையெல்லாம் சேர்த்து, பட்ஜெட்டுக்கு முன்னாடி நகர்மன்றத்தில் தீர்மானமாக வைக்கச் சொல்லுங்கள். நகராட்சியே நடத்துகிற, பெண் ஊழியர் பொறுப்பில் இருக்கிற, காசு வாங்காத உடை மாற்றும் அறைகள் அக்னி தீர்த்தக் கரையில் வேண்டும். பட்ஜெட்டில் பெண்கள், முதியோர் பாதுகாப்புக்கு ஒரு தனித் தலைப்பும் ஒரு தொகையும் வேண்டும். அப்போதுதான் அடுத்த வருஷம் நாம கேட்க ஒரு எண் இருக்கும்.

தமிழ்நாட்டு உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று 2016-லேயே சட்டம் வந்துவிட்டது. மன்றத்தில் பாதி நாற்காலி பெண்களுக்கு இருக்கிறது. அந்த நாற்காலியில் கணவர் உட்காராமல் பார்த்துக்கொள்வதும் நம்ம வேலைதான்.

கடைசியாக ஒன்று. இந்த மண்ணுக்கு வருகிறவர்கள் பாவம் தீர வருகிறார்கள், அப்பா அம்மாவுக்குத் திதி கொடுக்க வருகிறார்கள். நம்மை நம்பித்தான் அந்தக் கடலில் இறங்குகிறார்கள். குளித்து ஏறுகிற ஒரு பெண் பயமில்லாமல் துணி மாற்ற நாலு சுவர் கொடுக்க முடியாத ஊர் என்ன புண்ணிய ஊர்? அந்த நாலு சுவருக்கான பணம் நம்ம வரியில் இருக்கிறது. கேட்கிற உரிமை சட்டத்தில் இருக்கிறது. போய்க் கேட்போம்.

பெண்கள், முதியோர் பாதுகாப்புக்கு நகராட்சி பட்ஜெட்டில் தனி ஒதுக்கீடு செய்!
பகுதி சபையை முறையாகக் கூட்டு!
வந்து போகிற மக்களையும் கணக்கில் எடு!



(அவசர உதவிக்கு: பெண்கள் 181, குழந்தைகள் 1098, முதியோர் 14567. சேமித்து வையுங்கள், பகிருங்கள்.)

#ராமேஸ்வரம் #பகுதிசபை #நகராட்சிக்கணக்கு #பெண்கள்பாதுகாப்பு