விளக்கை உடனே போடாதீர்கள்

தலைவர் அவர்களே, வாசகர் வட்டத்து நண்பர்களே, நடவு முடித்துக் கை கால் கழுவிய ஈரம் காயும் முன்னே வந்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, முன் வரிசையில் சம்மணம் போட்டிருக்கும் என் செல்லப் பிள்ளைகளே, எல்லாருக்கும் வணக்கம்.

பார்க்க வேண்டிய ஆவணப்படங்களைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். பட்டியல் சட்டைப்பையில் இருக்கிறது. ஆனால் மேடை ஏறியதும் எனக்கு ஒரு மனிதர் ஞாபகம் வந்துவிட்டது. அவரைச் சொல்லாமல் பட்டியலைப் பிரிக்க எனக்குக் கை வராது.

அவர் டூரிங் கொட்டகை ஆபரேட்டர். அந்தக் காலத்தில் படத்துக்கு முன்னால் பிலிம்ஸ் டிவிஷன் நியூஸ் ரீல் ஓடும். எங்கோ வெள்ளம், எங்கோ அணை திறப்பு, எல்லாம் கறுப்பு வெள்ளையில். ஆம்பிளைகள் பீடி பற்ற வைக்க வெளியே போவார்கள். அவர் மட்டும் மெஷின் ரூம் ஓட்டையில் கண்ணை வைத்துக் கடைசி அடி வரைக்கும் பார்ப்பார். அரைடவுசர் பையனாக ஒருநாள் கேட்டேன், ஏன் மாமா இதைப் போய்ப் பார்க்கிறீங்க என்று. அவர் சொன்னார்: "மாப்ள, கதாநாயகன் செத்தா அடுத்த ஆட்டத்துல எந்திரிச்சு வந்துருவான். இதுல செத்தவன் எந்திரிக்க மாட்டான். அதனால இதைக் கவனமாப் பாக்கணும்."

கைதட்டுங்கள், தட்டுங்கள்! இந்தக் கைதட்டல் அவர் உயிரோடு இருந்தபோது கேட்டிருக்க வேண்டியது. பேரைச் சொல்லலாம். ஆனால் "மேடையில என் பேரை எடுக்கக் கூடாது" என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு போய்விட்டார் மனுஷன்.

சரி, பட்டியல். முதல் பெயர் ஒரு தமிழன் பெயர். ஏ.கே. செட்டியார். செட்டிநாட்டுக் கோத்தமங்கலத்துக்காரர். முப்பது வயதுகூட ஆகவில்லை. காந்தியைப் பற்றி ஒரு படம் எடுக்கக் கிளம்பினார். இன்டர்நெட் கிடையாது, செல்போன் கிடையாது. உலகத்தில் யார் யாரோ காந்தியைப் படம் பிடித்து வைத்திருக்கிறார்கள், அந்தச் சுருள்கள் எங்கே கிடக்கின்றன என்று யாருக்கும் தெரியாது. இவர் தேடிப் போனார். கப்பல், ரயில், கால்நடை. 1 லட்சம் கிலோமீட்டர்! 30 மாதம்! நூறு கேமராக்காரர்கள் முப்பது வருஷத்தில் எடுத்த துண்டுகளைத் தேடிப் பிடித்து 50,000 அடி பிலிம் சேர்த்தார். 1940-இல் படத்தைத் தமிழில் வெளியிட்டார். எங்கே? வெள்ளைக்காரன் ஆண்டுகொண்டிருந்த இந்த மண்ணில்! காந்தி படத்தை! அந்த நெஞ்சுரத்துக்கு ஒரு கைதட்டல் கொடுங்கள்.

இப்போது சொல்கிறேன், கேட்டு வருத்தப்படுங்கள். அந்தப் படத்தை நாம் தொலைத்துவிட்டோம். உலகம் முழுக்க அலைந்து ஒருவன் தேடிச் சேர்த்ததை, வீட்டுக்குள் வைத்துக் காப்பாற்ற நமக்குத் துப்பில்லை. பல பத்தாண்டுகள் கழித்து ஆய்வாளர் ஆ.இரா. வேங்கடாசலபதி தேடியபோது, அதன் ஆங்கில வடிவம் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் இருந்தது. தமிழன் எடுத்த படத்தை அமெரிக்காக்காரன் பத்திரமாக வைத்திருக்கிறான்!

இதைச் சொல்லும்போது இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். சில பேர் இருக்கிறார்கள். பேர் சொல்ல மாட்டேன், சொன்னால் அவர்களுக்கு விளம்பரம். போனில் மூணு நிமிஷ வீடியோ போடுவார்கள். எவனோ எடுத்த போட்டோ, எங்கேயோ சுட்ட சங்கு சத்தம், மேலே சிவப்பு எழுத்தில் "மறைக்கப்பட்ட வரலாறு" என்று ஒரு தலைப்பு. மறைத்தது யார்? நீதானே மறைத்தாய்? எந்த ஊர், எந்த வருஷம், யார் எடுத்த படம் என்று ஒரு வரி போட்டாயா? செட்டியார் ஒரு துண்டுப் பிலிமுக்காகக் கண்டம் விட்டுக் கண்டம் போனார். நீ கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை. இவர்களில் ஒருவர் போன மாதம் ஒரு மேடையில், "டாகுமெண்டரி போட்டா கூட்டம் கலைஞ்சுரும்" என்றாராம். ஐயா, இங்கே வந்து பாருங்கள். கலைந்திருக்கிறதா? பின்னால் நிற்கிறவர்களுக்கு உட்கார இடமில்லை!

எங்கே விட்டேன்? ஆபரேட்டர் மாமா. கொட்டகையை மூடிய பிறகு சைக்கிள் பஞ்சர் கடை வைத்தார். சேர்த்து வைத்த காசில் பழைய புரொஜெக்டர் ஒன்று வாங்கினார். டிவிஎஸ் வண்டியில் முன்னால் புரொஜெக்டர், பின்னால் ஸ்பீக்கர், தோளில் ஒரு எட்டு முழ வேட்டி. அந்த வேட்டிதான் திரை. இரண்டு மூங்கிலுக்கு நடுவே கட்டுவார். காற்றடித்தால் படம் நெளியும். நாலு மூலையிலும் செங்கல் கட்டித் தொங்கவிடுவார்.

அந்த வேட்டியில்தான் நான் "குட்டி ஜப்பானின் குழந்தைகள்" பார்த்தேன். சலம் பென்னூர்கர் 1990-இல் எடுத்தது. சிவகாசி தீப்பெட்டி ஆபீஸ் பிள்ளைகளைப் பற்றிய படம். விடியும் முன்னே பஸ் வந்து, தூக்கக் கலக்கத்தில் இருக்கும் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகும். அன்று ராத்திரி வீட்டுக்குப் போய் அடுப்புப் பற்ற வைக்கத் தீப்பெட்டியைக் கையில் எடுத்த என் அம்மா, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஒரு வார்த்தை பேசவில்லை.

அதில்தான் "நதியின் மரணம்" பார்த்தேன். ஆர்.ஆர். சீனிவாசன் எடுத்தது. 1999 ஜூலை 23, திருநெல்வேலி. மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகக் கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலம் போன ஜனங்களைப் போலீஸ் தடியால் அடித்து விரட்டியது. தாமிரபரணியில் 17 உயிர் போனது. கைக்குழந்தையும் அதில் ஒன்று. கேமரா இருந்ததால் சாட்சி இருக்கிறது.

திவ்யபாரதி 2017-இல் எடுத்த "கக்கூஸ்" பாருங்கள். மனிதக் கழிவை மனிதன் கையால் அள்ளக் கூடாது என்று 1993-இல் ஒரு சட்டம், பாதுகாப்பில்லாமல் மலக்குழியில் ஆளை இறக்கக் கூடாது என்று 2013-இல் இன்னொரு சட்டம். அந்தச் சட்டங்களுக்குப் பிறகும் மலக்குழியில் இறங்கியவர்களின் முகத்தை அந்தப் பெண் காட்டினார். படம் பார்த்தவன் தெருவில் துப்புரவுத் தொழிலாளியைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போக முடியாது.

எல்லாம் துக்கமா என்று அங்கே ஒரு அக்கா கேட்கிறார். இல்லை அக்கா. "தி எலிபன்ட் விஸ்பரர்ஸ்" பாருங்கள். நம் முதுமலை தெப்பக்காட்டில் பொம்மனும் பெள்ளியும் தாயில்லாத யானைக்குட்டிகளைப் பிள்ளை மாதிரி வளர்த்த கதை. கார்த்திகி கோன்சால்வ்ஸ் எடுத்தார். 2023-இல் ஆஸ்கர் வாங்கியது. சத்யஜித் ரேயின் "பாலா" பாருங்கள். பதினாலு வயதில் கல்கத்தாவில் பாலசரஸ்வதியின் பரதநாட்டியத்தைப் பார்த்த பையன், நாற்பது வருஷம் கழித்து 1976-இல் அந்த அம்மாவைப் படம் எடுத்தார். ஐம்பத்தெட்டு வயதில், கடற்கரைக் காற்றில், அந்த அம்மா கண்ணால் கூப்பிடுவதைப் பாருங்கள். அப்புறம், தவில் கேட்டே வளர்ந்த ஊர் இது. அம்ஷன் குமார் தவில் கலைஞர் யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியைப் பற்றி எடுத்த படம் தேசிய விருது வாங்கியது. உங்கள் தாத்தாக்கள் விடிய விடியக் கேட்ட கை அது.

தலைவர் சீட்டு அனுப்புகிறார். முடிக்கிறேன் ஐயா. ஒன்றே ஒன்று.

"ராமய்யாவின் குடிசை". பாரதி கிருஷ்ணகுமார் எடுத்தது. இங்கிருந்து பஸ் ஏறினால் போய்விடலாம் கீழ்வெண்மணிக்கு. 1968 டிசம்பர் 25. கூலியில் அரைப்படி நெல் கூடக் கேட்ட ஜனங்களில் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். மாமா அந்தப் படத்தைப் போட ஒரு மண்டபம் கேட்டார். மண்டபத்துக்காரர்கள் முன்பணம் வாங்கிக்கொண்டு, அன்று சாயங்காலம் பூட்டுப் போட்டுவிட்டார்கள். யார் என்று இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். விடுங்கள். அவர் சண்டை போடவில்லை. தெருவில் வேட்டியைக் கட்டினார்.

படம் முடிந்தது. அவர் விளக்கைப் போடவில்லை. என்றைக்குமே உடனே போட மாட்டார். ஐந்து நிமிஷம் இருட்டிலேயே விடுவார். அந்த இருட்டில் ஒரு சின்னப் பையன் கேட்டான்: "தாத்தா, அரைப்படின்னா எவ்வளவு?"

யாரும் பேசவில்லை. ஒரு பாட்டி எழுந்து வீட்டுக்குள் போனாள். பழைய படி ஒன்றை எடுத்து வந்தாள். பாதி வரைக்கும் நெல். "கையை நீட்டுடா" என்றாள். பையன் இரண்டு கையையும் சேர்த்து நீட்டினான். கொட்டினாள். கை நிறைந்து, வழிந்து, அவன் காலடியில் விழுந்தது. அவ்வளவுதான் அரைப்படி. அதற்குத்தான் 44 உயிர். பையன் நெல்லைக் கீழே போடவும் தெரியாமல், வைத்துக்கொள்ளவும் தெரியாமல், இரண்டு கையையும் நீட்டியபடியே நின்றான்.

அன்பர்களே, இந்தப் படங்களைத் தனியாகப் போனில் பார்க்காதீர்கள். பாதியில் ஒரு மெசேஜ் வரும், படம் போய்விடும். ஊரோடு சேர்ந்து பாருங்கள். ஒரு வேட்டி இல்லாத வீடு இந்த ஊரில் உண்டா? இரண்டு மூங்கில் கிடைக்காத தெரு உண்டா? மாதம் ஒரு சனிக்கிழமை போதும். புரொஜெக்டருக்கு வாசகர் வட்டம் பொறுப்பு என்று தலைவரைக் கேட்காமலே இந்த மேடையில் அறிவிக்கிறேன். அவர் மறுக்க மாட்டார், தலையாட்டிவிட்டார்!

படம் முடிந்ததும் ஒன்று மட்டும் செய்யுங்கள். மாமாவை நினைத்துக்கொண்டு, விளக்கை உடனே போடாதீர்கள். ஏதாவது ஒரு பிள்ளை கேட்கும் வரைக்கும் இருங்கள்.